வெட்டாத கத்தி



நாமக்கல் மாவட்டத்திலுள்ள கொல்லிமலைக்குச் செல்பவர்கள் காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு, மிளகு பறிக்கும் பருவத்தில், நாம் அம்மலைக்குச் சென்றிருந்தோம். மேலே பள்ளியொன்றில் பணியாற்றும் நண்பர் அழைத்திருந்தார். நம் கைப்பையில் மாற்றுடையும் ஒரு புத்தகமும் இருந்தன. மனத்திலோ ஒரு கத்தி இருந்தது. இதைச் சொல்ல நமக்குச் சற்றுக் கூச்சமாகவே இருக்கிறது. ஆயினும் இம்மாதம் நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புவது அந்தக் கத்தியைப் பற்றித்தான்.

மலைக்குப் புறப்படுவதற்கு இரு வாரங்களுக்கு முன், நகரத்தில் நமக்குப் பழக்கமான ஒருவரின் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்கு வருபவர். யாருக்கும் தீங்கு நினையாதவர். அன்று அவர் தம் அறையிலிருந்த இரும்பு அலமாரியைத் திறந்து காட்டினார். தட்டுத் தட்டாகக் கத்திகள்! மடக்குக் கத்திகள், வேட்டைக் கத்திகள், பித்தளைப் பூணிட்டவை, எலும்புப் பிடியிட்டவை எனப் பலவகை. ஒவ்வொன்றும் எண்ணெய் தடவிய தாளில் சுற்றப்பட்டு, வாங்கிய பெட்டியோடும் விலைச் சீட்டோடும் வரிசையாக வைக்கப்பட்டிருந்தது.

“தொட வேண்டாம், விரல் ஈரம் பட்டால் துரு ஏறும்” என்று நம்மைத் தடுத்தார். பிறகு தாமே ஒன்றை எடுத்து, “இதை வாங்கிப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை ஒரு நூலைக்கூட இது அறுத்ததில்லை” என்றார், பெருமிதத்தோடு.

“அறுத்திருந்தால்?” என்று கேட்டோம்.

“விலை பாதியாகியிருக்கும்.”

எதற்காக இவற்றைச் சேர்க்கிறீர்கள் என்று கேட்டபோது அவர் மூன்று விடைகள் கூறினார். இது கலை என்றார் முதலில். அழிந்துவரும் கைத்தொழிலைக் காப்பாற்றுகிறோம் என்றார் அடுத்து. மகனுக்காகத்தான் என்றார் மூன்றாவதாக. பேச்சு நீண்டு, காப்பியும் வந்த பிறகு, நான்காவது விடை தானாக வெளிவந்தது: வங்கியில் போடும் பணம் இவ்வளவு வேகமாகப் பெருகுவதில்லை!

விடைபெறும்போது அவர் சொன்னார்: “கொல்லிமலைக்குத்தானே போகிறீர்கள்? அங்கே பழைய கொடுவாள்கள் இருக்கும். கொல்லர் முத்திரை உள்ளதாகப் பார்த்து ஒன்றிரண்டு வாங்கி வாருங்கள். நூறோ இருநூறோ கொடுத்தால் தந்துவிடுவார்கள். அவர்களுக்கு அதன் மதிப்புத் தெரியாது.”

அந்தக் கடைசி வாக்கியம் அப்போது நம் காதில் சாதாரணமாகவே விழுந்தது.

கத்தி சேர்ப்பதை முதலீடாகக் கொள்ளும் வழக்கம் மேல்நாடுகளில் நன்கு வேரூன்றியது. அமெரிக்காவில் இராபர்ட் லவ்லெஸ் என்றொரு கத்திக் கலைஞர் இருந்தார்; 2010இல் காலமானார். வேட்டைக்காரர் கையில் உழைப்பதற்கென்றே அவர் கத்திகளை வடிவமைத்தார். இன்று அவை பல்லாயிரம் டாலருக்குக் கைமாறுகின்றன. ஆனால் அந்த விலைக்கு வாங்குகிறவர் அதைக் கொண்டு வேட்டையாடப் போவதில்லை. செய்தவரின் பெயர், செய்த காலம், எண்ணிக்கையின் அருமை, தீண்டப்படாத அலகு இவையே விலையை நிர்ணயிக்கின்றன. சாணை பிடித்தால் விலை குறையும், மெருகேற்றினாலும் குறையும். தோலுறையில் நெடுநாள் வைப்பதும் ஆகாதாம். தோல் ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும். பதனிடச் சேர்த்த பொருள்கள் உலோகத்தை அரிக்கும். கத்தியைக் காப்பதற்கென்று செய்த உறையே அதற்குப் பகையாகிவிடுகிறது!

இதிலுள்ள இடரையும் சொல்லிவிடுவது நம் கடமை. நிலம் விளைச்சல் தரும். வங்கி வைப்பு வட்டி தரும். பெட்டியிலுள்ள கத்தி எதையும் தருவதில்லை. நம்மைக் காட்டிலும் அதிகமாக அதை விரும்பும் ஒருவர் நாளை வருவார் என்னும் நம்பிக்கைதான் அதன் இலாபம் முழுவதும். அவர் வராவிட்டால், அல்லது அதற்குள் உலகத்தின் விருப்பம் வேறு பக்கம் திரும்பிவிட்டால், எஞ்சுவது சிறிது இரும்புதான்.

விலை எவ்வாறு மாறும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. தஞ்சை மராட்டிய மன்னர் இரண்டாம் சிவாஜி 1855இல் ஆண் வாரிசின்றி மறைந்தார். கும்பெனி அரசு தஞ்சையைத் தன்னுடன் சேர்த்துக்கொண்டது. அரண்மனை ஆயுதச் சாலையில் வாள்களும் கட்டாரிகளும் ஈட்டிகளும் குவியல் குவியலாகக் கிடந்தன. 1860களில் அவற்றுள் சிறந்தவையெனக் கருதப்பட்ட சில சென்னை அரசு அருங்காட்சியகத்துக்கு அனுப்பப்பட்டன. எஞ்சியவற்றில் பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விலைபோயிற்று. அன்று தப்பிப் பிழைத்த தஞ்சைக் கட்டாரிகள் இன்று நியூயார்க் நகரத்து மெட்ரோபாலிடன் அருங்காட்சியகம் வரை சென்று கண்ணாடிப் பேழையில் வீற்றிருக்கின்றன. 1799இல் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது கைப்பற்றப்பட்ட திப்பு சுல்தானின் வாளொன்று, 2023ஆம் ஆண்டு மே மாதம் இலண்டனில் ஏலம் விடப்பட்டு, 1 கோடியே 40 இலட்சம் பவுனுக்கு விற்றது. இரும்பு அதே இரும்புதான். அதன்மீது மனிதர் வைத்த ஆசைதான் ஏறியும் இறங்கியும் வருகிறது.

வெட்டாத ஆயுதத்தைக் கண்டு மயங்கும் பழக்கம் புதியதன்று. சங்க காலத்தில் தகடூரை ஆண்ட அதியமானின் தூதாக ஔவையார் தொண்டைமானிடம் சென்றதாகச் சொல்வார்கள். தகடூர் என்பது இன்றைய தருமபுரி, கொல்லிமலைக்குத் தொலைவானதன்று. தொண்டைமான் தன் ஆயுதச் சாலையைப் பெருமையோடு காட்டினான். அதைக் கண்டு ஔவையார் பாடிய பாட்டு புறநானூற்றில் 95ஆம் பாட்டாக உள்ளது. இங்குள்ள படைக்கலங்கள் மயிற்பீலி சூடி, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் அழகாக இருக்கின்றன. எம் மன்னனுடையவையோ போரில் முனை முறிந்து கொல்லனின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன என்பது அதன் பொருள். புகழ்வதுபோல் இகழ்ந்த பாட்டு என்று ஆசிரியர்கள் நமக்குப் பள்ளியில் சொல்லித் தந்தார்கள். போரை நாம் போற்றவில்லை. ஆயினும் அம்மூதாட்டியின் கூரிய கண் கண்டதை மறுக்க முடியாது: ஆயுதத்தின் பளபளப்பு அதன் சோம்பலுக்குச் சாட்சி.

இனி மலைக்கு வருவோம்.

செம்மேட்டுக்கு அப்பாலுள்ள சிற்றூர் ஒன்றில், நண்பருக்குத் தெரிந்த மூதாட்டி ஒருவரின் வீட்டுக்குச் சென்றோம். அவர் மலையாளிப் பழங்குடியினர். மலையை ஆள்பவர் என்பது அப்பெயருக்குக் கூறப்படும் பொருள்; கேரளத்தவரைக் குறிக்கும் சொல்லன்று. அப்பக்கத்து வழக்கப்படி அவரை ‘ஆயா’ என்று அழைத்தோம். முற்றத்தில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. திண்ணையில் ஒரு பலாப்பழத்தைப் பிளந்து வைத்து நம்மை உபசரித்தார்.

அந்தப் பலாவைப் பிளந்த கொடுவாள் அருகிலேயே கிடந்தது. நாம் சுளையைப் பார்க்கவில்லை, கொடுவாளையே பார்த்தோம். ஆண்டாண்டாய்த் தீட்டியதால் அலகு பாதியாய் ஒடுங்கியிருந்தது. மரப்பிடி, பிடித்த கைகளின் வடிவத்தையே வாங்கிக் குழிந்திருந்தது. அடிப்பகுதியில் சிறு முத்திரை ஒன்று இருந்தது.

“இது ரொம்பப் பழசோ, ஆயா?”

“எம் மாமனார் காலத்தது, தம்பி. அடிச்ச கொல்லரும் போய்ச் சேர்ந்துட்டாரு.”

நம் நெஞ்சு சற்று வேகமாக அடித்தது. இவ்வாறான அரிய பொருள்கள் அழிந்துவிடக் கூடாது என்றோம். வருங்காலத்தவர் பார்க்க வேண்டும் என்றோம். இதை நம்மிடம் தந்தால் பத்திரமாகக் காப்போம் என்றோம். நாம் பேசிய ஒவ்வொரு சொல்லும் நகரத்து அலமாரியின் முன்னால் நாம் கேட்ட சொல்லே! ‘அவர்களுக்கு அதன் மதிப்புத் தெரியாது’ என்னும் ஒன்றை மட்டும் வெளியே சொல்லாமல் உள்ளே வைத்துக்கொண்டோம்.

ஆயா கொடுவாளை எடுத்துப் புடவைத் தலைப்பால் பலாப்பாலைத் துடைத்தார். “ஒனக்கு வேணும்னா எடுத்துக்க தம்பி” என்று நீட்டினார். பணம் பற்றிப் பேச வாயெடுத்தோம். “இதுக்குப் போயி காசா?” என்று சிரித்தார்.

அப்போது வாசற்படியில் நின்றிருந்த பேரன், பன்னிரண்டு வயது இருக்கும், மெல்லக் கேட்டான்: “அப்ப நாளைக்கு மரத்துக்கு நெழல் கழிக்க எதை எடுத்துட்டுப் போறது, ஆயா?”

அம்மலையில் மிளகுக் கொடியை சில்வர் ஓக் முதலிய மரங்களின்மேல் ஏற்றி வளர்ப்பார்கள். உரிய காலத்தில் கிளை கழித்து வெளிச்சம் விட வேண்டும். அதற்குரிய கருவிதான் அவர் கையில் இருந்தது. “பக்கத்து வீட்டுல வாங்கிக்கலாம், சும்மா இரு” என்று ஆயா அவனை அடக்கினார். நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது.

நேயர்களே, அந்த ஒரு நிமிடத்தில் அங்கே இரண்டு நோக்கங்கள் எதிரெதிரே நின்றன. தம் வீட்டில் அன்றாடம் உழைக்கும் பொருளை, கேட்டவனுக்குத் தேவை இருக்கும் என்று நம்பி, ஒன்றும் வாங்காமல் தர முன்வந்தது ஒரு நோக்கம். தனக்குத் தேவையே இல்லாத பொருளை, பாரம்பரியம் என்று அழகிய பெயர் சூட்டி, விலை தெரியாதவரிடமிருந்து பெற முயன்றது மற்றொன்று. இரண்டாவது நம்முடையது.

17ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் லா ரோஷ்ஃபூக்கோ என்னும் பிரபு வாழ்ந்தார். 1665இல் அவர் சிறு சிறு நீதிமொழிகளாக ஒரு நூல் வெளியிட்டார். மனிதனின் நற்பண்புகள் என்று நாம் போற்றுபவற்றுள் பலவும் தன்னலம் போட்டுக்கொண்ட வேடமே என்பது அந்நூலின் அடிநாதம். கசப்பான நூல்தான். ஆனால் அன்று அந்தத் திண்ணையில் அவர் நம் அருகில் அமர்ந்திருந்தால், அவரை மறுக்க நம்மிடம் ஒரு சொல்லும் இருந்திராது.

விலை தெரியாதவரிடம் வாங்குவதைக் குறித்து நம் திருச்சபையின் பேராசான் புனித தாமஸ் அக்குவினாஸ் 13ஆம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்திருக்கிறார். விற்பவன் குறையை மறைத்து ஏமாற்றுவதைப் பற்றித்தான் நாம் பெரும்பாலும் பேசுகிறோம். அவரோ வாங்குபவனையும் கூண்டில் நிறுத்துகிறார். ஒருவன் தன்னிடமுள்ளது பொன்னென்று அறியாமல் பித்தளை என எண்ணி விற்கிறான். வாங்குபவனுக்கு உண்மை தெரியும். தெரிந்தும் வாய் திறவாமல் பித்தளை விலைக்கு வாங்குகிறான். அவ்வாறு வாங்குவது அநீதி என்றும், வாங்கியவன் ஈடு செய்யக் கடமைப்பட்டவன் என்றும் அவர் தீர்ப்புக் கூறுகிறார். சந்தையில் நாம் ‘சாமர்த்தியம்’ என்று மெச்சிக்கொள்வதை அவர் அநீதி என்றே அழைக்கிறார்! விற்பவர் மனமுவந்து தந்தார் என்று நாம் சமாதானம் சொல்லலாம். அவர் உவந்து தந்தது தமக்குத் தெரிந்த பொருளை. நாம் பெற்றுக்கொள்வதோ நமக்கு மட்டும் தெரிந்த வேறொரு பொருளை.

கொல்லிமலைக்கு இவ்விஷயத்தில் இன்னும் பழைய ஆசான் ஒருவர் உண்டு. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட மலை அது. செம்மேட்டில் அவனுக்குச் சிலை உண்டு. ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் விழாவும் எடுக்கிறார்கள். ஒரே அம்பால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஐந்தையும் வீழ்த்தியவன் என்று அவன் வில்லாற்றலைப் பலரும் அறிவார்கள். கழைதின் யானையார் என்னும் புலவர் அவனை நோக்கிப் பாடிய பாட்டை அவ்வளவு பேர் நினைப்பதில்லை. புறநானூற்றில் 204ஆம் பாட்டு அது. கேட்டு நிற்பது தாழ்ந்தது. கேட்டவனுக்கு மறுப்பது அதனினும் தாழ்ந்தது. தாமாகவே கொடுக்க முன்வருவது உயர்ந்தது; அவ்வாறு கொடுப்பதையும் ‘எனக்கு வேண்டாம்’ என்பது அதனினும் உயர்ந்தது. பாட்டின் கருத்து இதுவே. ஓரியின் மலையில், ஓரியின் குணம் மாறாத ஒரு மூதாட்டி, மூன்றாவது படியில் நின்று நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாமோ முதற்படியில் நின்றோம்.

“வேண்டாம் ஆயா, பையனுக்கு வேலை கெடும்” என்று கொடுவாளைத் திருப்பித் தந்தோம்.

இதைப் படித்து நம்மைப் பாராட்டிவிட வேண்டாம். நாம் மறுத்தது தூய்மையான தியாகம் என்று சொல்லத் துணிய மாட்டோம். சிறுவனின் கேள்வி நம்மை வெட்கப்படுத்திற்று. நண்பர் அருகில் இருந்தார். அவர் நம்மைப் பற்றி என்ன நினைப்பார் என்ற எண்ணமும் குறுக்கே வந்தது. கொடுவாளைக் கொடுத்த கையோடு, ‘நாம் நல்லவர்தான்’ என்று உள்ளே ஓர் இனிமையும் ஊறிற்று. தன்னலம் வாசல் வழியே வெளியேறிச் சன்னல் வழியே மீண்டும் உள்ளே வந்துவிட்டது.

அதற்காக, மறுத்ததே வீண் என்று முடிவு கட்டலாமா? இங்குதான் பிரெஞ்சுப் பிரபுவோடு நாம் வேறுபடுகிறோம். நம் உள்ளத்தின் கலப்படம் எதுவாயினும், மறுநாள் அந்தச் சிறுவன் தன் கொடுவாளோடுதான் தோட்டத்துக்குப் போயிருப்பான். நோக்கம் முழுவதும் தூய்மையாகட்டும், அதன் பிறகு நன்மை செய்வோம் என்று காத்திருப்பவன் கடைசி வரை காத்திருப்பான். சேலத்துக்கு அருகிலுள்ள கஞ்சமலையின் இரும்புக் கல்லை எண்ணிப் பாருங்கள். அதை உலையிலிட்டால் இரும்போடு கசடும் சேர்ந்தே வரும். கசடு இருக்கிறதே என்று கொல்லர் அதை எறிந்துவிடுவதில்லை. மீண்டும் மீண்டும் காய்ச்சி அடித்துக் கசடை வெளியேற்றுகிறார். தமிழ்நாட்டின் பழைய மூசை உருக்கு உலகப் புகழ் பெற்றது. கொடுமணலிலும் மேல்சிறுவளூரிலும் அத்தொழிலின் தடயங்கள் கிடைத்துள்ளன. தென்னிந்தியாவிலிருந்து சென்ற அத்தகைய உருக்கை இலண்டனில் ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்னும் கத்தித் தொழிலாளர் அறுவைச் சிகிச்சைக் கருவிகளுக்கு ஏற்றதென்று போற்றினார். விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே அவரோடு சேர்ந்து உருக்கை ஆராய்ந்து 1820இல் கட்டுரை வெளியிட்டார். அத்தனை புகழும் கசடோடு பிறந்த கல்லிலிருந்து வந்ததுதான். மனித நோக்கமும் அவ்வாறே. அதைக் காய்ச்சி அடிக்கும் உலைக்களத்துக்கு ஆன்ம சோதனை என்று நம் முன்னோர் பெயரிட்டனர்.

அறுவைக் கத்தி என்றதும் அதே மலையில் வளர்ந்த ஒருவர் நினைவுக்கு வருகிறார். ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் என்னும் ஆங்கிலேயத் தம்பதியர், சகோதர சபையொன்றின் மறைப்பணியாளர்களாகக் கொல்லிமலையில் குடியேறி, மருத்துவமும் கல்வியும் தந்தனர். ஜெஸ்ஸி 1929இல் அங்கேயே காய்ச்சலால் மாண்டார். எவலின் ஓய்வு வயதுக்குப் பிறகும் மலைவாழ் மக்களை விட்டுப் பிரியாமல், தொண்ணூறு வயதைக் கடந்து 1974இல் மறையும் வரை அவர்களிடையே உழைத்தார். அவர்களுடைய மகன் பால் பிராண்ட் 1914இல் பிறந்தவர். மருத்துவராகி 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போன கைகளில், நலமாயிருந்த தசைநாரை இடம் மாற்றிப் பொருத்தி, மீண்டும் பிடிக்கும் ஆற்றலை வரவழைத்தார். பிறர் தொடவும் அஞ்சிய கைகள் அவை. குணமானவர்கள் தச்சு முதலிய தொழில்களைக் கற்க ஒரு நிலையமும் அமைத்தார். அந்தக் கைகள் உளி பிடித்தன, அரம் பிடித்தன, சோறும் எடுத்து உண்டன.

இவர்களுக்கும் தம் பணியில் மனநிறைவு இருந்திருக்கும், புகழும் வந்தது. அதுவும் தன்னலம்தானே என்று சொல்வோர் சொல்லட்டும். மரம் தனக்காகவும்தான் வேர் விடுகிறது. அதனால் அதன் நிழல் பொய்யாகிவிடுவதில்லை. தன் செயலில் மகிழ்ச்சி காண்பது தன்னலமன்று. தன் மகிழ்ச்சிக்காகப் பிறருடைய கருவியைப் பிடுங்குவதே தன்னலம்.

இந்த வேறுபாட்டை நம் நாட்டுச் சட்டமும் ஒருவகையில் அறிந்திருக்கிறது. வீட்டுக்கும் வேளாண்மைக்கும் மட்டுமே என்று செய்யப்பட்ட பொருள்களை 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ஆயுதமாகக் கொள்வதில்லை. எதற்காகச் செய்யப்பட்டது என்று அது கேட்கிறது. பழம்பொருள் சேர்ப்போர் மற்றொரு சட்டத்தையும் அறிந்திருப்பது நல்லது: 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக்கருவூலச் சட்டப்படி நூறாண்டு கடந்த கலைப்பொருளையோ கைவினைப் பொருளையோ தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு இடமில்லை. சட்டம் பொருளின் நோக்கத்தைக் கேட்கிறது. மனச்சான்று, பொருளை வைத்திருப்பவனின் நோக்கத்தைக் கேட்கிறது.

சேமிப்பதே தவறு என்று நாம் சொல்லவில்லை. பெண்ணின் திருமணத்துக்கும் பிள்ளையின் படிப்புக்கும் முதுமைக்கும் சேர்த்து வைப்பது குடும்பத் தலைவரின் கடமை. அருங்காட்சியகம் அமைத்து ஊரார் காணப் பழம்பொருளைக் காப்பவருக்கு நாடே கடன்பட்டிருக்கிறது. ஆனால் நம் வீடுகளில் கத்தி அல்லாத ‘வெட்டாத கத்திகள்’ எத்தனை! மூத்த மகள் ஒருமுறைகூட அணியாத நகைகள், விலை ஏறட்டும் என்று வேலியிட்டுத் தரிசாய்ப் போட்ட மனைகள், வாடகைக்கு விடவும் மனமின்றிப் பூட்டி வைத்த வீடுகள். கேட்டால் எல்லாவற்றுக்கும் ஒரே விடை: பிள்ளைகளுக்காக! அலமாரி நண்பரின் மகனைப் பின்னொரு நாள் சந்தித்தோம். “அப்பா எனக்காகச் சேர்ப்பதாகச் சொன்னாரா? அந்த அலமாரியைத் தொடக்கூட என்னை விட்டதில்லையே!” என்றார். குரலில் கோபமில்லை, சிறிது வருத்தம் மட்டும் இருந்தது.

ஆகவே ஒரு பொருளை வாங்கும்போதோ பூட்டும்போதோ மூன்று கேள்விகளை நம்மையே கேட்டுக்கொள்வோம். நாளை இதன் விலை வீழ்ந்துவிட்டால் அப்போதும் இதை நேசிப்போமா? நேசிப்போம் என்றால் அது கலையார்வம். இல்லையென்றால் அது வாணிபம். வாணிபத்தை வாணிபம் என்றே அழைப்பதில் இழுக்கில்லை. அடுத்து, விற்பவருக்குத் தெரியாத எதை நாம் மறைக்கிறோம்? மூன்றாவதாக, இது நம் பெட்டிக்குள் போவதால் யாருடைய நாளைய வேலை நிற்கிறது? மூன்றாவது கேள்வியை அன்று நாம் கேட்கவில்லை. வாசற்படியில் நின்ற சிறுவன் கேட்டான்.

புறப்படும் முன், அக்குவினாஸ் பெருமான் சொன்ன கடமையையாவது செய்வோம் என்று, ஆயாவிடம் உண்மையைக் கூறினோம். பட்டணத்தில் இத்தகைய கொடுவாளுக்கு நல்ல விலை உண்டு. யாராவது வந்து நூறு இருநூறுக்குக் கேட்டால் ஏமாந்து கொடுத்துவிடாதீர்கள் என்றோம். ஆயாவுக்கு வியப்பாக இருந்தது.

“அவ்ளோ காசு குடுத்து வாங்கி என்ன பண்ணுவாங்க?”

“எண்ணெய் பூசி, தாளில் சுற்றி, பெட்டியில் வைப்பார்கள்.”

“அதால எதையும் வெட்ட மாட்டாங்களா?”

“மாட்டார்கள், ஆயா.”

ஆயா நம்மை இரக்கத்தோடு பார்த்தார். பிறகு, கொடுவாளைப் பேரனிடம் தந்து, மீதிப் பலாவையும் பிளந்து நமக்குக் கட்டித்தரச் சொன்னார். 70 வளைவுகளிலும் அந்தப் பலாவின் மணம் நம்மோடு இறங்கி வந்தது. வீடு சேர்ந்ததும் அதை அண்டை வீட்டாரோடு பகிர்ந்து உண்டோம்.